ஜீப்பு கடந்தால் அது சாலை

அன்று பாரிவாக்கத்துக் காட்டுச் சாலையில் இருந்தவர்கள்: சாலை ஓவர்சியர் மணவாளன், அவருடைய டிரைவர் சின்னசாமி, மல்லிகை மூட்டையோடு வண்டிக்காரர் எத்திராஜ், அவர் மனைவி நாகம்மாள், செங்கல்வராயன், அவருடைய பங்காளிகள் நால்வர். ஆக ஒன்பது பேர். மாடு இரண்டு.

யுத்த காலம். பட்டாளத்து ஜீப்பு ஒன்று இரவலாகக் கிடைத்ததிலிருந்து ஓவர்சியர் ஐயா நடப்பதை விட்டுவிட்டார். சாப்பிடும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்று கேள்வி.

முள்ளும் ஈச்சம்புதரும் மூடிய அந்தச் சாலையில் உருண்டு பூந்தமல்லி சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்திராஜின் மொட்டெல்லாம் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை யார் வாங்குவார்கள்? ஊரார் முறையிட்டதன் பேரில் மேன்மை தங்கிய ஓவர்சியர் நேரில் விஜயம் செய்து விதியை அறிவித்தார்:

"நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இது. இதுவே மாட்டிக்கொண்டால் சாலை பழுது. செப்பனிட உத்தரவு போடுவேன். கடந்துவிட்டால் சாலை உத்தமம்."

நாகம்மாள் எல்லோரையும் ஓரமாகக் கூட்டிப் போனாள். "ஜீப்பு மாட்டிக்கினா எவனும் கை வெக்கக் கூடாது. கெங்கையம்மா மேல சத்தியம்!"

சத்தியம் செய்தார்கள்.

ஜீப்பு சேற்றுப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. சின்னசாமி முடுக்க முடுக்க அச்சு வரை இறங்கியது.

"சாலை பழுதுதான்" என்று ஓவர்சியர் பேனாவைத் திறந்தார்.

ஆனால் சேற்றில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

"இன்னாடா வேடிக்கை பாத்துகினு கீறீங்க? தோள் குடுங்க! ஐலசா!"

கத்தியது நாகம்மாள். முதலில் தோள் கொடுத்ததும் அவள்தான். ஜீப்பு மேட்டில் போய் நின்றது.

ஓவர்சியர் பேனாவை மூடினார். "கடந்துவிட்டது. சாலை உத்தமம்."

"நாங்க தள்ளினோமே, எசமான்!" என்றார் செங்கல்வராயன்.

"தள்ள ஆள் இருப்பதும் சாலையின் வசதிகளில் சேரும். அப்பால் இன்னும் பள்ளம் உண்டா?"

"கீது எசமான். இத்தவிடப் பெருசு."

"அப்படியானால் வசதியும் கூடவே வரட்டும். ஏறுங்கள்!"

ஜீப்புச் சவாரி என்றதும் உத்தரவாவது, பள்ளமாவது! பங்காளிகள் நாலு பக்கமும் தொற்றினார்கள். செங்கல்வராயன் பின்னால் தொங்கினார். நாகம்மாள் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, ஓவர்சியரின் கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பின்னால் வந்த எத்திராஜின் வண்டி, ஜீப்பு தோண்டிவிட்ட பள்ளத்தில் இறங்கியது.

"அடியே நாகம்மா! பூ மலருதுடீ!"

"தள்ளிகினு வாய்யா!"

ஜீப்பு புதருக்குள் மறைந்தது. ஒன்பதில் எட்டு போக, வண்டி தள்ள மீதி ஒன்று.