கிராம்பு எண்ணெய்க் குப்பியும் என் இடது கால் கட்டைவிரலும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என் கால் நகங்கள் நீங்கலாக அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஒரு வைத்தியத்தைப் பத்துப் பேர் முன்னால் கேலி செய்தவள், அதே வைத்தியத்தை ஏன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்கிறாள்? நாலு மாதமாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை.

காணாமல் போன உன் எண்ணெய்க் குப்பி என்னிடம்தான் இருக்கிறது. உன் மருமகள் அதைக் குப்பையில் போடவில்லை. நேற்று போனில் நீ, "என் பொருளுக்கு மதிப்பில்லாத வீட்டுல அவ கையால சாப்பிட மாட்டேன், மாடியில தனியா சமைச்சுக்கப் போறேன்" என்று அழுதபோதே சொல்லியிருக்க வேண்டும். "அடடா" என்று மட்டும் சொன்னேன்.

நாலு மாதம் முன்பு உன் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றியதுமே என் இரண்டு கால் கட்டைவிரலின் மஞ்சள் நகமும் உன் கண்ணில் பட்டுவிட்டது. "பூஞ்சை பிடிச்சிருக்குடி. கிராம்பு எண்ணெயை ஆலிவ் எண்ணெயில கலந்து வச்சிருக்கேன், ரெண்டு வேளை தடவு" என்றாய். நான் சாப்பாட்டு மேசையில், ஆய்வகக் கண்ணாடித் தட்டில் பூஞ்சையைக் கொல்கிற எண்ணெய் நகத்தைத் துளைத்து உள்ளே போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம், மனிதர்களிடம் செய்த சோதனைகளே கொஞ்சம்தான் என்று இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். உன் முகம் சுருங்கியது. பிறகு கை கழுவப் போனேன். அலமாரியில் குப்பி இருந்தது. அவ்வளவு பேசிவிட்டு எந்த வாயால் கேட்பது? கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் முறையாகத்தான் தொடங்கினேன், இடது கட்டைவிரலுக்கு எண்ணெய், வலதுக்கு ஒன்றுமில்லை, வாராவாரம் நோட்டில் குறிப்பு, ஆனால் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காலணியை வெளியே விட்டு ரப்பர் செருப்போடுதான் நுழைய வேண்டும், நான் போன இடமெல்லாம் கிராம்பு மணத்தது, உதவியாளர் "மேடம், பல்வலியா?" என்றாள், ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன், அவள் பாசமாகத் தன் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கி, கூடவே வந்து உட்கார்ந்தும் விட்டாள், எந்தப் பல் என்று அவர் கேட்க நான் ஏதோ ஒன்றைக் காட்ட, படம் எடுத்துப் பார்த்துவிட்டு "பல்லு கல்லு மாதிரி இருக்கேம்மா, என்ன பிரச்சினை?" என்றார். எனக்கும் அதுதான் தெரியலை டாக்டர்னு சொல்லிட்டு வந்தேன்.

இதையெல்லாம்விட வெட்கம் ஒன்று உண்டு. ஆறாவது வாரம் வலது விரலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுக்கும் தடவிட்டேன். சோதனை அதோடு கெட்டது. இப்போது இரண்டு நகமும் அடியில் கொஞ்சம் தெளிந்திருக்கின்றன. எண்ணெயாலா, தானாகவா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இது ஒருவருக்கும் தெரியாது. நானாகவே ஒப்புக்கொள்கிறேன் என்பதையாவது தயவுசெய்து நினைத்துப் பார். மருமகளோடு உட்கார்ந்து சாப்பிடு. மாடிப்படி உன் முழங்காலுக்கு ஆகாது. அத்தானுக்கு என் வணக்கம், பேத்திக்கு முத்தம்.

தலைகுனிந்தபடி,
உன் தங்கை

பின்குறிப்பு (மறுநாள்): தபாலில் போடாமல் நேரில் வந்தேன். நீ முழங்காலைக் காட்ட மருத்துவரிடம் போயிருந்தாய். கதவைத் திறந்த உன் மருமகள் என் கையிலிருந்த குப்பியையும் இந்தக் கடிதத்தையும் பார்த்தாள். திடுக்கிடவே இல்லை.

"உள்ள வாங்க சித்தி. போன மாசம் நீங்க செருப்பைக் கழட்டினப்பவே வாசம் வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"அத்தை பெருமையா சொல்லிக்கிறது உங்க ஒருத்தரைப் பத்திதான். அதையும் நானே கெடுக்கணுமா?"

ஆக, ஒருவருக்கும் தெரியாது என்று மேலே எழுதியதை அடித்துவிடு. குப்பியை வாங்கி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்து, "தானா கிடைச்சதா இருக்கட்டும், கடிதாசியைக் கிழிச்சுப் போடுங்க" என்றாள். ஒரு நிமிடம், அக்கா, எனக்கு அது மிக நல்ல யோசனையாகத் தோன்றியது.

அவள் டீ போடப் போயிருக்கிறாள். இதைக் குப்பிக்கு அடியில் வைக்கிறேன்.