கட்டணக் கழிப்பறைக் காண்டம்

அயல்நாட்டுத் தெருமுனைகளில் வெயிலிலும் பனியிலும் அம்புக்குறி ஏந்தி நிற்கும் வழிகாட்டிப் பலகைகளே, ‘இலவசம்’ என்ற பெருஞ்சொல்லின் காலடியில் பொடியெழுத்தில் நிபந்தனை தாங்கிக் கிடக்கும் அறிவிப்புகளே, துணை நில்லுங்கள். காசு கொடுத்து எந்தக் கோபுரத்திலும் ஏறியறியாத கால்களும், காசு கொடுத்து எந்த ஓவியத்தையும் கண்டறியாத கண்களும் படைத்த வீராங்கனை, அறைத்தோழிகளால் ‘சிக்கனம்’ என்று பட்டம் சூட்டப்பெற்ற முதுகலை மாணவி, எங்கள் அக்காவின் பெரும்போரைப் பாடப் புகுந்தோம்.

பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றை அவள் முன்பே வென்றிருந்தாள். இரவுப் பேருந்தில் ஏறி விடியலில் இறங்க, விடுதி வாடகை வீழ்ந்தது. கட்டணம் வாங்காத நாள் பார்த்துச் செல்ல, அருங்காட்சியகம் வீழ்ந்தது. முதுகுப்பையில் ரொட்டி இருக்க, உணவகங்கள் வாசலோடு வீழ்ந்தன. கையில் சில்லறை இருந்தால் அது செலவாகிவிடும் என்பதால் சில்லறையே வைத்துக்கொள்ளாத தவத்தினள். இவ்வெற்றிகளையெல்லாம் அவள் வாரந்தோறும் தொலைபேசியில் தங்கைக்கு எடுத்துரைத்தாள். அந்தத் தங்கையும் இவ்வாண்டு படிக்க வந்து சேர்ந்துவிட, முதல் படையெடுப்புக்கு இருவரும் சேர்ந்தே கிளம்பினர். அக்காவின் வீரத்தை நம்ப உலகில் இருந்தது அந்த ஒருத்திதான். அவள் கண்முன் தோற்றால் மீண்டும் ஜெயித்துக் காட்ட ஆள் கிடையாது.

விடியலில் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே எதிரி எதிர்ப்பட்டான். கழிப்பறை வாயிலில், இடுப்பளவு உயரத்தில், மூன்று இரும்புக் கைகளை நீட்டி, நெற்றியில் நாணயத்துளை என்னும் ஒற்றைக்கண் திறந்து நின்றது அந்தச் சுழல்தடுப்பு. தங்கை யோசிக்காமல் ஒரு நாணயத்தை அந்தக் கண்ணில் போட்டு, அக்காவுக்கு இன்னொன்றை நீட்டினாள். அக்கா பின்வாங்கினாள். அந்நகரம் கேட்கும்படி அவள் உரைத்த சபதம் இது:

“ஒண்ணுக்குப் போறதுக்குக் காசா? நான் வரலடி. ஊருக்குள்ள சும்மா போறதுக்கு எவ்வளவோ இடம் இருக்கு.”

“அவசரமா வந்தா என்னக்கா பண்ணுவ?”

“எனக்கு அவசரமே வராது.”

வானம் அதிரவில்லை. இரும்புக் கை மட்டும் ஒருமுறை சுழன்று, தங்கையை உள்ளே விட்டுவிட்டு, கிளிக் என்று நின்றது.

மாவீரர்கள் வாளால் மாள்வதில்லை, தம் குணத்தால் மாள்கிறார்கள். அக்காவின் குணம், இலவசம் எதையும் விடாமை. நிலையத்துக் குழாயில் குடிநீர் இலவசம் என்று கண்டு, பாட்டிலை நிரப்பிக் குடித்து, மறுபடி நிரப்பிக்கொண்டாள். பல்கலைக்கழக வாசலில் புதுமாணவரை வரவேற்கும் கூடாரத்தில் காபி இலவசம் என்று கண்டு, புதுமாணவியின் அப்பாவி முகத்தை அணிந்து ஒரு கோப்பை வாங்கினாள். வரிசை குறைவாக இருந்ததால் இன்னொன்று வாங்கினாள். தங்கை தன் பங்கு வேண்டாம் என்றாள். அதை வீணாக்குவது முறையா? அதையும் குடித்தாள்.

அந்நகரமோ நீரால் ஆனது. பெயர்பெற்ற மண்டபம் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நீரூற்று. நீரூற்று ஒவ்வொன்றிலும் ஒரு கற்சிங்கம். சிங்கம் ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் ஓயாத தாரை. நடுவே ஆறு, ஆற்றின் மேல் பாலங்கள், பாலங்களின் கீழ் சலசலப்பு. பகலவன் உச்சி ஏறும் முன்பே அக்காவின் உள்ளே ஒரு படை திரண்டது. முதலில் தூதனுப்பி, பிறகு முரசறைந்து, பிறகு கோட்டைக் கதவைத் தன் தோளால் முட்டத் தொடங்கியது. தங்கை பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

“அக்கா, கண்ணை மூடிட்டு இந்தத் தண்ணி சத்தத்தைக் கொஞ்சம் கேளேன். எவ்வளவு நல்லா இருக்கு.”

அக்கா கேட்கவில்லை. அவள் நடந்தாள். ஊர் சுற்றிப் பார்ப்பவள் நடையா அது என்று தங்கை கேட்டதற்கு, நேரம் பொன்னானது என்று அறிவித்தபடி நடந்தாள்.

முதலில் அவள் நூலகத்தைத் தாக்கினாள். அறுநூறு ஆண்டுக் கல்வியைத் தாங்கிய தூண்களுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. மாணவர் அட்டையால் தொட்டால் திறப்பது. அக்கா தன் பல்கலைக்கழக அட்டையால் தொட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பித் தொட்டாள். அதே சிவப்பு. காவலர் மிகுந்த மரியாதையோடு வாசலைக் காட்டினார். அடுத்து ஒரு காபிக் கடை. அங்கே கழிப்பறைக் கதவில் எண்பூட்டு. எண்ணோ, பொருள் வாங்கியவரின் ரசீதில் அச்சாகி வருவது. ‘காபி’ என்ற சொல்லைப் பலகையில் படித்ததுமே அக்காவின் கோட்டைச்சுவர் ஓரடி சரிந்தது. அருங்காட்சியகம் என்னும் மூன்றாம் அரணுக்கு அன்று வார விடுமுறை.

இனி வஞ்சகமே வழி என்று துணிந்தாள். ஏதோ ஒரு துறைக் கட்டடத்திலிருந்து, புத்தகக் கட்டைத் தாடையால் அழுத்திப் பிடித்தபடி ஒரு பேராசிரியர் வெளிப்பட, மூடப்போன கதவை அக்கா ஓடிப்போய்ப் பணிவோடு பிடித்து, அவர் நன்றி சொல்லி முடிக்கும் முன் உள்ளே பாய்ந்தாள். நெடிய தாழ்வாரம். இருபுறமும் மறைந்த அறிஞர்களின் படங்கள், அவளைக் கண்டிக்கும் கண்களோடு. தாழ்வாரத்தின் முடிவில், ஒளிவட்டம் சூழ்ந்ததுபோல், பாவாடை உடுத்திய சின்னஞ்சிறு உருவம் பொறித்த கதவு. எந்த ஓவியத்தையும் அவள் அப்படிக் கண்கலங்கப் பார்த்ததில்லை. கதவைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் பலகை. அதற்கப்பால் துடைப்பத்தோடு துப்புரவுப் பணியாளர். ஈரம் காய அரைமணி ஆகும் என்று அந்த அம்மாள் புன்னகையோடு தெரிவித்தார். சுவர்க்கடிகாரமோ, ஊர் திரும்பும் பேருந்துக்கு இருப்பதே அரைமணிதான் என்று தெரிவித்தது. அது நெடும்பயணம். அந்தப் பேருந்தில் அந்த வசதி கிடையாது.

அதன்பின் நடந்ததைப் பின்வாங்கல் என்று வரலாறு எழுதும். கால்களைப் பின்னிப் பின்னி, சிங்கங்களின் பக்கம் திரும்பாமல், பாலத்தை மூச்சடக்கிக் கடந்து, அக்கா நிலையத்தை நோக்கி விரைந்தாள். பின்னால் தங்கை, முதுகுப்பைகள் இரண்டையும் சுமந்துகொண்டு, பார்க்காமல் விட்ட மணிக்கூண்டின் பெருமையை வழிகாட்டி நூலிலிருந்து சத்தமாகப் படித்தபடி ஓடிவந்தாள்.

இரும்புக் கைகள் மூன்றும் அப்படியே நீண்டிருந்தன. ஒற்றைக்கண் இமைக்கவில்லை. அக்கா வங்கி அட்டையை எடுத்து அதன் முகத்தில் தேய்த்துப் பார்த்தாள். அது நாணயத்தைத் தவிர வேறு தெய்வம் அறியாதது. சில்லறை வைத்துக்கொள்ளாத தவம் இவ்வாறு தன் பலனைத் தந்தது. நகரங்கள் பலவற்றின் கட்டணச் சாளரங்களை நடுங்கவைத்த அந்தக் கை, தங்கையின் முன் நீண்டது.

“ஒரு காசு குடு.”

“எதுக்குக்கா?”

“குடுடி.”

“காலைல ஏதோ சொன்னியே. அவசரமே…”

“உள்ள போயிட்டு வந்து பேசறேன். குடு.”

தங்கை சட்டைப்பையில் தேடினாள். நிதானமாகத் தேடினாள். காலையில் நீட்டிய அதே நாணயத்தை அவள் தனியே எடுத்து வைத்திருந்தாள். அதை உள்ளங்கையில் ஏந்தி நீட்டியபோது அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

நாணயம் விழுந்தது. இரும்பு சுழன்றது. கொடிகள் சாய்ந்தன, முரசுகள் ஓய்ந்தன. மதகு திறந்த பேரணைபோல், முற்றுகை நீங்கிய மாநகர்போல், ஊழிவெள்ளம் வடிந்தபின் தலைதூக்கும் முதல் மலைபோல், அக்காவின் உலகில் அமைதி பரவியது. அவ்வமைதியில் அவள் தன் கொள்கைகள் யாவற்றையும் மறுபரிசீலனை செய்தாள். ஈந்தவளுக்கு ஈடாக என்ன செய்வது என்று எண்ணினாள். இந்நகரம் உண்மையிலேயே அழகானது என்றும், அடுத்தமுறை அந்த மணிக்கூண்டில் காசு கொடுத்தே ஏறுவது என்றும் உறுதி பூண்டாள். முகம் கழுவி, தலைநிமிர்ந்து, புதுப்பிறவி எடுத்தவளாக அவள் வெளிப்பட்டபோது, தங்கை குழாயடியில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குத் தாகமாக இருந்தது.