அத்தானின் உதட்டுக்குள் என் அலுவலக முத்திரை

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தைப் பற்றி அக்கா தொலைபேசியில் அழுது முடித்துவிட்டதால், அங்கும் நலமா என்று கேட்கும் வழக்கமான வரியை விட்டுவிடுகிறேன்.

நிகோட்டினை விடும்வரை தங்கள் இதயத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். தாங்களோ உதட்டுக்குள் நிகோட்டின் பொட்டலத்தை அதக்கியபடியே, "சிகரெட்டத்தான் விட்டுட்டேனே டாக்டர்! இது எங்க மச்சான் ஆபீஸ்லயே பாத்து விட்டது" என்றீர்களாம். அத்தான், அந்த மச்சான் படும் பாட்டைக் கேளுங்கள். அந்தப் பொட்டலத்தின் விளம்பரம், விளம்பரங்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் எங்கள் அரசு அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தபோது "இதயத்துக்கு இதமானது" என்றிருந்தது. ஆதாரமில்லை என்று அடித்தேன். உடனே வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவரைச் சிரிக்கவிட்டார்கள், மருத்துவர் படம் கூடாது என்றேன், "அவர் சமையல்காரர் சார்" என்று கூசாமல் சொன்னார் நிறுவனத்தின் வக்கீல், "கரண்டி எங்கே?" என்றேன், மறுநாள் படத்தில் கரண்டி வந்துவிட்டது, கழுத்து ஸ்டெதாஸ்கோப் மட்டும் போகவில்லை. அதையும் கழற்றவைத்து, இனி எவரும் ஏமாறக் கூடாதென்று, "இவ்விளம்பரம் ஆய்வு செய்யப்பட்டது" என்ற வரியைக் கட்டாயமாக்கினேன். எழுத்தின் அளவை விதியில் சொல்லவில்லை. விளைவு, தெருமுனைப் பலகையில் "இவ்விளம்பரம்" எறும்பளவு; "ஆய்வு செய்யப்பட்டது" ஆளுயரம். கடைக்காரர் என்னிடமே ஒரு டப்பாவை நீட்டி, "ஆய்வு பண்ணின சரக்கு சார், தைரியமா வாங்குங்க" என்கிறார். நான் ஆய்ந்தது வாசகத்தை ஐயா, வஸ்துவை அல்ல என்று கத்தினால், "யாரோ ஆய்ஞ்சிருக்காங்கல்ல, அது போதும் சார்" என்கிறார். இவரிடம் என்னத்தைச் சொல்லி அழ? வரியை எடுக்கச் சொன்னால், "நீங்க போட்ட விதி சார், நாங்க எப்படி மீறுறது?" என்று வக்கீல் பதறுகிறார். விதியைத் திருத்தக் குழு கூட வேண்டும். குழு கூடும்வரை தங்கள் இதயம் பொறுக்குமா? நான் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் ஆயுள் நீள வேண்டுகிறேன். அதற்கேனும் யாருடைய ஆய்வும் தேவைப்படாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்

பி.கு.: சந்தையிலுள்ள பொருளைப் பற்றி நாங்கள் எவருக்கு எழுதினாலும் எங்கள் சட்டப்பிரிவு ஒப்ப வேண்டும்; உறவினருக்கு விலக்கில்லை. எனவே இக்கடிதத்தையும் அனுப்பிவைத்தேன். மருத்துவர் சொன்னதற்கு எழுத்துச் சான்று இணைக்கப்படாததால் இது ஆதாரமற்ற உடல்நலக் கூற்று என்று நிராகரித்துவிட்டார்கள். ஆகவே மேற்கண்ட அனைத்தையும் எழுதப்படாததாகக் கருதக் கோருகிறேன். இனிவரும் வரிக்கு மட்டும் நான் எவரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. அந்தக் கருமத்தத் துப்பித் தொலைங்க அத்தான்.