பாத்ரூமில் மட்டும் கிடைக்கும்

ஒரு கதவு, ஒரு மேசை, கொஞ்சம் வைஃபை. நான் கேட்டது இவ்வளவுதானே? முதல் இரண்டும் கிடைத்துவிட்டன. மூன்றாவது மட்டும் என்னைக் கண்டால் ஏன் ஓடுகிறது?

இப்படி மனசுக்குள் புலம்பியபடி பின்னறையில் உட்கார்ந்து அவள் போனையே முறைத்தாள். ஒற்றைக் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு இணையத்தில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். நடுவில் அறுந்தால் கணக்கு டீச்சர் வேலை வேறு யாருக்காவது போய்விடும். மகள் பிறந்ததும் விட்ட வேலை அது.

"ஹால்ல உக்காந்து எடேன். அங்க நல்லாத்தானே வருது?" என்றான் கணவன்.

"ஹால்ல நீங்க இருக்கீங்க, உங்க கொட்டாவி இருக்கு. எனக்குக் கதவு சாத்தணும்."

"சரி, டப்பாவையே கிட்ட கொண்டாந்துடறேன்."

செருப்பு அலமாரி மேலிருந்த வைஃபை டப்பாவை, ஒயர் இழுபட இழுபடத் தூக்கி வந்து ஃபிரிட்ஜ் தலையில் வைத்தான். பின்னறையில் இருந்த ஒற்றைக் கோடும் போயிற்று. ஹாலிலும் போயிற்று.

"கிட்ட வந்தா கூடத்தானே செய்யணும்?" என்றாள்.

"ஃபிரிட்ஜ் உறிஞ்சுது போல."

அடுத்து டப்பா அவள் மேசைக்கே வந்தது. பச்சை விளக்குகள் எல்லாம் ஜோராக எரிந்தன. போனை அதன்மேலேயே சாய்த்து வைத்தாள். ஒன்றுமில்லை.

"அம்மா! பாத்ரூம்ல ஃபுல்லா இருக்கு!" மகளின் குரல் எதிரொலித்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"பின்னாடி ஒரு மூடி நிறுத்தினா அலை நம்ம பக்கம் திரும்புமாம்," என்று கணவன் பெரிய பாத்திர மூடி ஒன்றைக் கொண்டுவந்தான். தலைக்குப் பின்னே ஒளிவட்டத்தோடு டப்பா சாமி மாதிரி வீற்றிருந்தது. அருள் என்னவோ பாத்ரூமுக்குத்தான்.

குழப்பம் மெல்ல அவள்மேலேயே திரும்பியது. கேட்ட இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கிடைப்பது அவளுக்குப் புதிதில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு கோடாவது மிஞ்சியிருக்கும்.

"பேசாம பாத்ரூம்லயே எடுத்துடு. கதவும் இருக்கு, தாழ்ப்பாளும் இருக்கு," என்றான் கணவன்.

"பின்னாடி வாளி தெரியுமே."

"கொள்ளளவு நடத்தறேன்னு சொல்லிக்கோ."

சிரிப்பு வரவில்லை. நேரமும் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வாசல்வரை போய்விட்டாள்.

"அம்மா, இங்கயும் சுத்தமா போயிடுச்சு!" என்றாள் மகள்.

அதே நேரம் அழைப்பு மணி அடித்தது. கணவன் கதவைத் திறந்தான். பக்கத்து வீட்டு அக்கா நின்றாள். வேர்த்து வழிந்த முகம். இடுப்பில் குழந்தையைப்போல் ஒரு வைஃபை டப்பா.

"காலைலேருந்து எங்க டிவி நின்னு நின்னு போகுது. நானும் இதைத் தூக்கிட்டு வீடெல்லாம் அலைஞ்சேன், உங்க பாத்ரூம் சுவர் வரைக்கும். வெறுத்துப்போய் இப்பத்தான் ஒயரைப் பிடுங்கினேன். பார்த்தா, டிவி திக்கித் திக்கி ஓடிட்டே இருக்கு! மாட்டிவிட வந்த ஆளு ரெண்டு வீட்டுலயும் பாஸ்வேர்டைத் தானே அடிச்சுக் குடுத்தாரில்ல? மாத்தி அடிச்சிருக்கார். இத்தனை நாளா நாங்க உங்க டப்பால, நீங்க எங்க டப்பால!"



"படம் முடியப் போகுது," என்று அக்கா குழைந்தாள். "உங்களோடதக் கொஞ்சம் எங்க சுவர்ப் பக்கமா வெச்சுடுங்களேன்."

"அதுக்கென்னக்கா, வெச்சுட்டாப் போச்சு," என்று கணவன் பின்னறைக்கு நடந்தான்.

அவள் முந்திக்கொண்டாள். மேசையிலிருந்த டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அச்சிட்டிருந்த பாஸ்வேர்டை லேப்டாப்பில் அடித்தாள். பிறகு வாசற்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இல்லக்கா," என்றாள் மெதுவாக. "இது இங்கயே இருக்கட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.