முக்கால் சுற்று

ஜவ்வாது மலையை விட்டு இறங்கியே தீருவது என்று எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் முடிவு கட்டினேன். பன்னிரண்டு வருஷமாக இந்த அரசாங்க பங்களாவுக்கு நான்தான் காவல்காரன். மழை, பனி, அட்டைக்கடி. இப்போது கீழே ஒடுகத்தூர் ஆபீசில் ஓர் இடம் காலி; தங்க ஒரே ஒரு ரூம். சனிக்கிழமை ரேஞ்சர் வந்து பதில் கேட்பார்.

என் மனைவி சின்னக்குழந்தை மலைக்காரி. "அங்க இன்னா இருக்குது? புழுக்கமும் கொசுவும். நான் வர்ல" என்றுவிட்டாள். அவளை விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் கிடையாது. சோறாக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். மற்றதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அவளே பயந்து கிளம்பினால்?

பங்களா ஹாலில், பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு கண்ணாடித் தள்ளுகதவு உண்டு. அடியில் இரண்டு குட்டிச் சக்கரம், அவை ஓட ஒரு தண்டவாளம். தரை ஒரு பக்கம் சரிந்துவிட்டதால், கதவு தானாக ஓடாதபடி தாழ்த்தி, உரசுகிற மாதிரி வைத்திருந்தோம். சக்கரத்தின் திருகாணியை முடுக்கினால் கதவு எழும்பும், உரசாது. வியாழக்கிழமை அவள் சுள்ளி பொறுக்கப் போனபோது, திருப்புளியால் முக்கால் சுற்று முடுக்கினேன்.

சாயங்காலம் மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. லேசாகக் காற்று தொட்டது. கதவு சத்தமே இல்லாமல் நகர்ந்து, பாதியில் நின்றது.

"பாத்தியா?" என்றேன், குரலை நடுங்கவிட்டு. "யாரும் தொடல. இந்த வூடு சரியில்ல."

அவள் கதவுப் பக்கம் திரும்பி, "வா அத்தை" என்றாள்.

"எந்த அத்தை?"

"மாதம்மா அத்தைதான், எங்கப்பன் கூடப் பொறந்தது. செத்து மூணு வருசமாவுது. உன் வூட்டுக்கு ஒருநாளு வர்றேன்னு சொல்லிக்கினே செத்துச்சி. கும்புட்டுக்குங்க."

கும்பிட்டேன். மாதம்மாள் உயிரோடு இருந்தபோதே அவள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகத் திருகாணியைப் பழையபடி இறக்கினேன். தள்ளிப் பார்த்தேன். இரண்டு கையாலும் தள்ளினால்தான் முனகிக்கொண்டே நகர்ந்தது. இனி அத்தை வர வழியில்லை.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவினேன். வெளியே பனி. காதிலிருந்து தொடங்கி என் முகம் அழிந்துகொண்டே வந்தது. அப்புறம் கன்னம், மூக்கு. கதவு முழுசாகத் திறந்து சுவரில் டொக்கென்று முட்டியது. முகம் இருந்த இடத்தில் பனி நின்றது.

வேறு யாராவது என்றால் காற்று என்று நினைத்திருப்பார்கள். திருகாணியை இறக்கியவன் நான். இது காற்றில்லை என்று எனக்குத்தானே தெரியும். சீப்பு கையிலிருந்து விழுந்தது.

"இன்னா சொல்லுது அத்தை?" என்று நானே கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பனியையே உற்றுக் கேட்டாள். "நாம ஒடுகத்தூர் போனா அதுவும் கூடவே வருதாம். ஒரே ரூம்புன்னாலும் பரவால்லியாம்."

"இங்கியே இருந்தா?"

"கதவாண்டயே நின்னுக்குதாம். உள்ள வராதாம்."

சனிக்கிழமை ரேஞ்சரிடம், மலையை விட்டு வர மனசில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜீப் வளைவில் மறைந்தது.

சின்னக்குழந்தை மடியிலிருந்து திருப்புளியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"கதவ எறக்கிடுங்க. அப்டியே தண்டவாளத்து மண்ணத் தொடச்சிட்டு எண்ணெ விடுங்க. நேத்தே பாத்தேன், சக்கரத்துல முடி சுத்திக்கினு கெடக்குது."

"நேத்து எப்ப பாத்த?"

"நீங்க குளிக்கப் போனப்ப. முக்கா சுத்து வச்சா பாதியிலதாங்க நிக்கும். முழுசா தொறக்கணும்னா ஒரு சுத்து வைக்கணும்."