எண்ணெய் அண்ணாச்சியின் நாற்காலிகள்

எழுபதுகளில் தென்காசியில் சினிமா பார்த்த ஆண்பிள்ளைகளுக்கு எண்ணெய் அண்ணாச்சி தொடாத முழங்கை ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் பஜார் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அவர். டிக்கெட்டை இடது கையில் வாங்குவார். வலது சுட்டுவிரலால் நம் முழங்கையில் ஒரு இழுப்பு இழுத்து, விரலை வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகுதான் கிழிப்பார்.

எல்லாம் குற்றாலத்தால் வந்த வினை. சீசனில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனால், வெள்ளம் வருகிறது, குளிக்கக் கூடாது என்று போலீஸ் விரட்டிவிடும். அந்தக் கோலத்தில் எங்கே போவது? பஸ் ஏறித் தென்காசிக்கு மேட்னி பார்க்க வந்துவிடுவார்கள். தியேட்டர் திறந்தபோது அந்தச் சிவப்பு மெத்தை நாற்காலிகளைக் கட்டுப் பிரித்து வரிசையாகப் போட்டவர் அண்ணாச்சி. அதில் எண்ணெய்க் கறை படிந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. விரலில் பிசுக்கு ஒட்டினால் நாற்காலியில் விரித்து உட்காரக் கையில் ஒரு சாக்கைக் கொடுத்துவிடுவார்.

செங்கோட்டைக்காரர் ஒருவர், "டிக்கெட் எடுத்திருக்கேன்லா?" என்று சண்டைக்கு நின்றார்.

"டிக்கெட்டு படம் பாக்கத்தானவே எடுத்தீரு? நாற்காலியை நனைக்கவா எடுத்தீரு?"

ஒரு நாள் முதலாளியே சம்பந்தியோடு எண்ணெய் மின்ன வந்து இறங்கினார். விரல் நீண்டது. சாக்கும் நீண்டது.

"என் தியேட்டர்ல எனக்கே சாக்காவே?"

"தியேட்டரு ஒங்களது மொதலாளி. எண்ணெயும் ஒங்களதுதான்."

"நாளைலேருந்து நீரு வேலைக்கு வராண்டாம்."

"சரி மொதலாளி. இன்னைக்குச் சாக்கைப் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். மறுநாள் அண்ணாச்சி வழக்கம்போல வாசலில் நின்றார். முதலாளி முழங்கையை நீட்டிவிட்டு உள்ளே போனார்.

எண்பதுகளில் டிவி வந்தது, வீடியோ வந்தது. சீசனில்கூடப் பாதி நாற்காலி காலி. ஒருநாள் தியேட்டரை மூடிவிட்டார்கள். கட்டிடம் உரக் குடோன் ஆனது. நாற்காலிகள் லாரியில் ஏறியபோது ஒன்றை மட்டும் முதலாளி அண்ணாச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த சீசனில் அருவியில் என்னையும் விரட்டிவிட்டார்கள். எண்ணெயோடு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அந்த நாற்காலி, பக்கத்தில் தரையில் அண்ணாச்சி. பழக்கதோஷத்தில் முழங்கையை நீட்டினேன்.

"அதெல்லாம் இனி எதுக்குலே? சும்மா உக்காரு."

எனக்கு உட்கார மனசு வரவில்லை. "சாக்கு இருக்கா அண்ணாச்சி?" என்றேன்.

விருட்டென்று எழுந்து உள்ளே போய்ச் சாக்கோடு வந்தார். சுருக்கமில்லாமல் விரித்தார். என் முழங்கையில் ஒரு இழுப்பு இழுத்து, விரலை வெளிச்சத்தில் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.