தொப்பி இல்லாத பிள்ளைகள்

தொப்பிகள் இரண்டும் வாளித் தண்ணீரில் முழுகிய பிறகுதான் சலவைக் கடைக்காரருக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

கட்டிலில் ஐந்து மாத இரட்டைப் பெண் பிள்ளைகள். சிவப்புத் தொப்பி போட்டவள் பெரியவள், மஞ்சள் தொப்பி சின்னவள். மற்றபடி மூக்கு, முழி எல்லாம் ஒரே அச்சு. தொப்பிகளில் பால் கறையைப் பார்த்ததும் கை தானாகக் கழற்றி ஊறப் போட்டுவிட்டது. தொழில் புத்தி!

எத்தனை வெள்ளைச் சட்டை வந்தாலும் காலருக்குள் மையால் குறி வைத்து, அவரவர் சட்டையை அவரவரிடம் சேர்க்கிறவர் அவர். ஒருவர் சட்டை இன்னொருவருக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது. மனைவி பல்வலி என்று தங்கையோடு டாக்டரிடம் போயிருந்தாள். பிள்ளைகளை அவரிடம் தனியாக விட்டுப்போவது இதுதான் முதல் தடவை.

நல்லவேளை, இடப்பக்கம் கிடந்தவள் பெரியவள் என்பது நினைவிருந்தது. எதற்கும் இருக்கட்டும், குதிகாலில் ஒரு மைப்பொட்டு வைத்துவிடலாம் என்று முன்னறைக் கடைக்குப் போய் மைப்புட்டியைத் தேடினார். அதற்குள் ஒன்று அழுதது. துணைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஓடிவந்து இரண்டையும் தோளில் போட்டு, ஆட்டி, உலாத்தி, சமாதானம் செய்து படுக்க வைத்தார். இப்போது இடமும் போச்சு, வலமும் போச்சு.

சட்டை வாங்க வந்த வாத்தியார் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவர் விஷயத்தைச் சொன்னார்.

"பூ, இவ்வளவுதானா? கூப்பிட்டுப் பாருங்க. யார் திரும்புறாங்களோ அவதான்."

"பெரியவளே!"

இரண்டும் திரும்பின.

"சின்னவளே!"

இரண்டும் அவரைச் சட்டை செய்யவில்லை.

"பெரியவ சாது, சின்னவ வாலுன்னு உங்க வீட்டம்மா சொல்வாங்கல்ல? பலமா கை தட்டுங்க. அழுறவ சின்னவ."

தட்டினார். வீடே இரண்டுபட்டது. அந்தக் களேபரத்தில் வாத்தியார் யாரோ ஒருவருடைய சட்டையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். சட்டை மாறினால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இவளை அவள் என்றும் அவளை இவள் என்றும் காலமெல்லாம் கூப்பிட்டுத் தொலைத்தால்?

வேறு வழி தெரியாமல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஒருத்தி அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்தாள். உடும்புப் பிடி, விடுவேனா என்றாள். இன்னொருத்திக்குப் பொத்தான் லட்சியமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஆடும் சட்டைகளைப் பார்த்து "ஆ... ஊ..." என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். இடம் மாற்றி வைத்தார். இவள் பொத்தானைத்தான் தேடினாள், அவள் சட்டைகளோடுதான் பேசினாள்.

ஐந்து மாதமாகத் தொப்பியைப் பார்த்துக் கொஞ்சியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "அடி என் பொத்தான்காரி... அடி என் வாயாடி..." என்று தனித்தனியாகக் கூப்பிட்டபோது கண் கலங்கிவிட்டது.

பின்னால் தங்கை வர, மனைவி வீங்கிய கன்னத்தோடு உள்ளே வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"தப்பு நடந்துபோச்சும்மா. ரெண்டும் கலந்துபோச்சு. பொத்தானைப் பிடிக்கிறவ ஒருத்தி, வாயாடி ஒருத்தி. அது தெரியுது. ஆனா எவ பெரியவ, எவ சின்னவன்னு தெரியல."

அவள் ஒரே ஒரு பார்வை பார்த்தாள். "இதுக்கா இந்த அழுகை? இவ பெரியவ, அவ சின்னவ. நகருங்க." பொத்தான்காரியைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, மாற்றுத் தொப்பி எடுக்க உள்ளே போனாள்.

சலவைக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "பாத்தியாம்மா உங்க அக்காவை? பெத்தவ பெத்தவதான்!" என்றார் மச்சினியிடம்.

மச்சினி உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கண்டுபிடிச்சதை அக்காவுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க மாமா. அவளுக்குத் தினமும் காலையில எது முதல்ல அழுவுதோ, அதுதான் அன்னைக்குப் பெரியவ."